பாயிரமும் ட்ரையல் பந்தும்: கைப்பேசிக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் முதல் அறிமுகத்தை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி ஆட்டம் ஒன்றைத் தொடங்குபவர் முதல் சில மணி நேரத்தில் எதிர்கொள்ளும் பகுதி, அந்த ஆட்டத்தின் பாயிரமாக அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சென்னையைச் சேர்ந்த நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கி 2020இல் வெளியான ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3’ என்னும் கைப்பேசி ஆட்டத்தின் தொடக்கப் பகுதி, நன்னூல் கூறும் பாயிர இலக்கணத்தைக் கருவியாகக் கொண்டு இங்கு மதிப்பிடப்படுகிறது. பேஸ்பால் காணொளி ஆட்டங்களின் வரலாறும், தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் ஆடப்படும் கிட்டிப்புள், தெருக்கிரிக்கெட் ஆகியவற்றின் வழக்கங்களும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தமிழ் வருணனையின் தொடரமைப்பு, முன்னோட்டம் என்னும் வடிவம் இழந்துவிட்ட எல்லை, ஆடுபவர் செலுத்தும் விலை ஆகிய மூன்றும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாயிரம், காணொளி ஆட்டம், டெமோ, வருணனை, கிட்டிப்புள், தெருக்கிரிக்கெட், தருமபுரி

முன்னுரை

தமிழில் விளையாட்டு பற்றிய ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலை வெளியிட்டார். அதன் பின்னர் நாட்டார் வழக்காற்றியல் துறையில் விளையாட்டுகளைத் தொகுக்கும் பணி வேரூன்றியது. எனினும் அம்மரபின் பெரும்பகுதி, மறைந்துவருவதைப் பதிவுசெய்தல் என்னும் நோக்கத்தால் இயக்கப்பட்டது. பல்லாங்குழியும் ஆடுபுலியும் ஆய்வுப்பொருளாகக் கருதப்படும் அளவுக்கு, பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரின் கைப்பேசியில் ஓடும் ஆட்டம் ஆய்வுப்பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆடுவோர் குறைந்த பிறகே ஓர் ஆட்டம் ஆய்வுக்குரிய தகுதியைப் பெறுகிறது என்னும் நிலை, ஆய்வாளரை எப்போதும் காலந்தாழ்த்தி வருபவராக ஆக்கிவிடுகிறது.

விதிவிலக்காகக் கவனம்பெற்ற ஆட்டங்கள் உண்டு. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ அவற்றுள் முதன்மையானது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தையும், அழிந்துபோன எழுத்துகள் கொண்ட சமையற் குறிப்பேட்டையும் மையமாகக் கொண்ட அப்படைப்பு, 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. அதைத் தமிழ்ப் பனுவல் என்று கொள்ள எவரும் தயங்கமாட்டார். இட்டிலியும் தாய்மொழியும் அதன் வெளிப்படையான பொருளாக இருப்பதே காரணம். கிரிக்கெட் ஆட்டத்தில் அத்தகைய பண்பாட்டு அடையாளம் மேலே தெரிவதில்லை. சென்னையில் உருவாகி, தமிழில் பேசவும் செய்யும் ஓர் ஆட்டம் தமிழாய்வின் பார்வைக்குள் வராமல் இருப்பது, நாம் ‘தமிழ்ப் பனுவல்’ என்று எதைக் கருதுகிறோம் என்ற வினாவை எழுப்புகிறது.

இக்கட்டுரை முழு ஆட்டத்தையும் மதிப்பிடவில்லை. ஆட்டத்தைப் புதிதாகத் தரவிறக்கிய ஒருவருக்கு முதல் சில மணி நேரத்தில் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முதல் நோக்கை அவசர முடிவாகக் கருதாமல், தனக்கென அமைப்புடைய ஒரு பகுதியின் வாசிப்பாகக் கொள்ள வேண்டும் என்பதே இவ்வரையறைக்குக் காரணம்.

டெமோ என்னும் வடிவமும் பாயிரமும்

கணினி ஆட்டங்களின் வரலாற்றில் டெமோ என்பது தெளிவான வடிவமாக இருந்தது. 1993இல் வெளியான ‘டூம்’ ஆட்டத்தின் முதல் பகுதி எவரும் படியெடுத்துக் கொடுக்கக்கூடிய இலவச வடிவில் பரவியது. எஞ்சிய பகுதிகளுக்கு விலை உண்டு. விளையாட்டுத் துறை ஆட்டங்களின் டெமோக்களும் இவ்வகையினவே. பேஸ்பால் ஆட்டமென்றால் ஓரிரு அணிகளும் சில இன்னிங்ஸ்களும் கிடைக்கும். அதற்கு மேல் கதவு மூடிவிடும். ஆடியவர் வாங்கலாம், வாங்காமலும் போகலாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இருதரப்பும் அறிந்த ஒன்று.

நூலுக்கு முன் நிற்கும் பகுதியைப் பற்றித் தமிழ் இலக்கண மரபு விரிவாகச் சிந்தித்துள்ளது. பவணந்தியார் பாயிரத்தைப் பொது, சிறப்பு என இரண்டாக வகுக்கிறார். நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று ஆகிய ஐந்தும் பொதுப்பாயிரத்துக்கு உரியவை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் சிறப்புப்பாயிரத்துக்கு உரியவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றைச் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உண்டு என அவரே குறிப்பிடுகிறார். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இன்றேல் அது நூலாகாது என்பது அவர் துணிபு.

இதனை எந்திரகதியில் பொருத்திப் பார்ப்பது பயன் தராது. ஆனால் பாயிரம் என்னும் கருத்து ஒரு முறையான எதிர்பார்ப்பை முன்வைக்கிறது: நூலுக்குள் நுழைபவருக்கு, யார் செய்தது, எதிலிருந்து வந்தது, எதுவரை செல்வது, யாருக்கானது, என்ன பயன் என்பன முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். இந்த எதிர்பார்ப்பைக் கொண்டே இலவச ஆட்டத்தின் நுழைவாயிலைக் கேள்விகேட்க முடியும்.

டெமோவுக்கு நிகரான ஒன்று நம் தெருக்களில் உண்டு. தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும், பள்ளித் திடல்களிலும் வறண்ட ஏரிப் பரப்புகளிலும் ஆடப்படும் கிரிக்கெட்டில் முதற்பந்து ‘ட்ரையல்’ என்று அறிவிக்கப்படுவதுண்டு. அப்பந்தில் அடித்த ஓட்டம் கணக்கில் சேராது. விக்கெட் விழுந்தாலும் ஆட்டமிழப்பு இல்லை. தமிழகத் தெருக்கிரிக்கெட் எங்கும் காணப்படும் இவ்வழக்கம் எந்த விதிநூலிலும் இல்லை. ஆடுவோரின் வாய்மொழி ஒப்பந்தத்தில் மட்டுமே நிலைபெறுகிறது. ட்ரையல் பந்தின் உயிர், இழப்பும் ஈட்டமும் அற்ற அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. பந்து தரையில் குத்தி எழும் விதத்தை அறிந்துகொள்ள மட்டையாளருக்கு ஊரார் தரும் சலுகை அது. அடுத்த பந்திலிருந்து அந்தச் சலுகை முடிகிறது என்பதும் எல்லோரும் அறிந்ததே. இவ்வெல்லை ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3’ போன்ற இலவச ஆட்டங்களில் என்னவாகிறது என்பதே பின்வரும் பகுதிகளின் ஊடுபாவாக அமையும் வினா.

வழி: களத்திலிருந்தா, திரையிலிருந்தா

‘வழி’ என்னும் பாயிர உறுப்பு, நூல் எந்த மூலத்தைப் பின்பற்றியது என்பதைக் கூறுவது. கிரிக்கெட் காணொளி ஆட்டம் கிரிக்கெட்டின் வழிநூல் என்றே முதலில் தோன்றும். ஆட்டத்தைத் திறந்த சில நிமிடங்களில் இக்கருத்து ஐயத்துக்கு உள்ளாகிறது. மட்டையாளருக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும் கேமராவின் கோணம், எல்லைக்கோட்டைப் பந்து கடந்ததும் வரும் மறுகாட்சி, ஓட்டக் கணக்கைக் காட்டும் கீழ்ப்பட்டை, பின்னணியில் வருணனை ஆகிய யாவும் தொலைக்காட்சி ஒளிபரப்பின் உறுப்புகள். களத்தில் நிற்கும் மட்டையாளர் தம் முதுகைப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பவர் வீட்டில் அமர்ந்திருக்கும் பார்வையாளரே.

இவ்வழிமரபைத் தொடங்கிவைத்தது பேஸ்பால். அமெரிக்காவின் பொமோனா கல்லூரியில் டான் டாக்லோ 1971இல் கணினிக்காக எழுதிய பேஸ்பால் ஆட்டத்தில் படமே இல்லை. ஆடுபவர் மேலாளரைப் போல முடிவெடுக்க, விளைவு எழுத்தாக வெளிவந்தது. அதே டாக்லோ, எட்டி டாம்ப்ரோவருடன் இணைந்து 1983இல் மேட்டல் நிறுவனத்தின் இன்டெலிவிஷன் கருவிக்கு உருவாக்கிய பேஸ்பால் ஆட்டம், தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போலப் பல கேமராக் கோணங்களைப் பயன்படுத்தியது. விளையாட்டைப் போலச் செய்தல் என்பது ஒளிபரப்பைப் போலச் செய்தல் என்றாகும் திருப்பம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2006இல் வெளியிட்ட ‘கிரிக்கெட் 07’ அத்திருப்பத்தை இந்தியக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. மார்க் நிக்கோலஸ், ரிச்சி பெனோ ஆகியோரின் ஆங்கில வருணனை, ஒரு தலைமுறை இளைஞருக்கு ஆட்டத்தோடு சேர்ந்தே மனப்பாடமாயிற்று. அந்நிறுவனம் அதன்பின் அந்தக் கிரிக்கெட் வரிசையைத் தொடரவில்லை. அவ்வெற்றிடத்தில்தான் கைப்பேசியை நம்பிய சென்னை நிறுவனம் கால்பதித்தது. அதன் இரண்டாம் ஆட்டம் 2015இலும் மூன்றாம் ஆட்டம் 2020இலும் வந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிறுவனம் மும்பையைச் சேர்ந்த நசாரா டெக்னாலஜீஸ் குழுமத்தின் அங்கமாயிற்று.

எனவே இவ்வாட்டம் ஒளிபரப்பின் வழிநூல். களத்துக்கு அது சார்புநூலாகவே நிற்கிறது. யாப்பு வகையில் இது தொகுத்தல். மணிக்கணக்கில் நீளும் ஆட்டம் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. ஓவர்களுக்கு இடையிலான காத்திருப்பு, களத்தடுப்பாளரின் சலிப்பு, வெயில் ஆகியவை நீக்கப்படுகின்றன. கிரிக்கெட்டில் பெரும்பாலோர் பெரும்பாலான நேரம் காத்திருப்பவர்களே என்பதை இத்தொகுப்பு மறைத்துவிடுகிறது. இது குறையன்று, தேர்வு. ஆனால் அத்தேர்வு எதை விளையாட்டின் சாரமாகக் கருதியது என்பதைக் காட்டிவிடுகிறது.

கோடற்கூற்று: கை கற்றுக்கொள்வது

கொள்வோன் எவ்வாறு கற்கவேண்டும் என்பதைக் கூறும் கோடற்கூற்றுக்கு நிகராக ஆட்டத்தில் அமைவது பயிற்சிப் பகுதி. விரலை எத்திசையில் நகர்த்தினால் பந்து எங்கே செல்லும், எக்கணத்தில் நகர்த்த வேண்டும் என்பதை ஆடுபவர் கற்கிறார். பந்து குத்தப்போகும் இடத்தை முன்னரே காட்டும் குறி இவ்வகை ஆட்டங்களில் பொதுவானது. ‘கிரிக்கெட் 07’ காலத்திலிருந்தே நிலைபெற்ற இம்மரபு, மட்டையாட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுகிறது. களத்தில் மட்டையாளரின் முதன்மைச் சிக்கல் பந்து எங்கே குத்தும் என்பதை அறிவது. திரையில் அது தீர்க்கப்பட்டே தரப்படுகிறது. எஞ்சுவது எப்போது அடிப்பது என்பது மட்டுமே. இடம் பற்றிய ஐயம் நீங்கி, காலம் பற்றிய ஐயம் மட்டும் எஞ்சும் ஆட்டம் இது.

கிட்டிப்புள்ளோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். கில்லி, கில்லித்தாண்டு எனப் பல பெயர்களில் வழங்கும் அவ்வாட்டத்தின் பரவலான வகையொன்றில், இருமுனையும் கூர்மையான புள்ளை ஆடுபவர் தாமே கிட்டியால் தட்டி எழுப்புகிறார். அது காற்றில் இருக்கும்போதே இரண்டாம் முறை அடிக்கிறார். எதிராளி பந்து வீசுவதில்லை. தாம் அடிக்க வேண்டியதைத் தாமே எழுப்பிக்கொள்வதால், தவறும் தம்முடையதே. கிரிக்கெட்டிலும் பேஸ்பாலிலும் மட்டையாளர் பிறர் எண்ணத்துக்கு எதிராக நிற்கிறார். கைப்பேசி ஆட்டத்திலோ பந்தை வீசுவது எந்திரம். அது தன் எண்ணத்தை முன்கூட்டியே குறியிட்டுக் காட்டுகிறது. வெளித்தோற்றத்தில் கிரிக்கெட்டாக இருக்கும் இச்செயல், கையின் அளவில் கிட்டிப்புள்ளின் இரண்டாம் தட்டுக்கு நெருக்கமானது: எழும் இடம் தெரியும், கணம் மட்டுமே கையில். முதல் சில ஓவர்களிலேயே புதியவருக்கும் இன்பம் பிறப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

வேறுபாடு அளவையில் இருக்கிறது. கிட்டிப்புள்ளில் புள் விழுந்த தொலைவைக் கிட்டியாலேயே அளக்கிறார்கள். அளவை பற்றிய சச்சரவும் ஆட்டத்தின் பகுதியே. கைப்பேசி ஆட்டத்தில் அளவை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. நடுவரின் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் காட்சிகூட முன்பே முடிவான ஒன்றைப் பின்னர் நடித்துக்காட்டுவதே. விதியைப் பேசித் தீர்க்கும் ஆற்றல், தெரு ஆட்டம் கற்பிக்கும் முதன்மைப் பாடம். அப்பாடத்துக்கு இங்கு இடமில்லை.

வருணனைத் தமிழ்

தமிழாய்வாளர் தவிர்க்கவியலாத பகுதி இவ்வாட்டத்தின் தமிழ் வருணனை. கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லும் முயற்சிக்கு வானொலியே முதற்களம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் 1980களில் அதற்குத் தனிநடை வகுத்தனர். 2017இல் தமிழுக்கெனத் தனி விளையாட்டு அலைவரிசை தொடங்கப்பட்டது. வானொலியில் கேட்பவர் எதையும் காண்பதில்லை. எனவே வருணனையாளர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் பார்ப்பவர் கண்டுவிடுகிறார். எனவே வருணனை கருத்துரையாகவும் அரட்டையாகவும் மாறுகிறது. காணொளி ஆட்டத்தில் மூன்றாம் நிலை ஒன்று தோன்றுகிறது. கேட்பவரே செய்தவர். தன்மையில் நிற்கும் அவருடைய செயல், படர்க்கையில் அவர் காதுக்கே திரும்பிவருகிறது. ‘நான் அடித்தேன்’ என்பது ‘அவர் அடித்தார்’ என்று ஒலிக்கும்போது, ஆடுபவர் தம்மையே வெளியிலிருந்து காணும் இன்பத்தைப் பெறுகிறார். இம்மூவிட மாற்றமே ஆட்ட வருணனையின் இலக்கியப் பண்பு எனலாம்.

ஆட்ட வருணனை உயிரோட்டமாகப் பேசப்படுவதன்று. வருணனையாளர் முன்கூட்டியே பதிவுசெய்த சிறு துண்டுகள், களநிகழ்வுக்கு ஏற்பத் தேர்ந்து ஒலிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் வீரர் பெயர் ஒரு துண்டாகவும் எஞ்சிய தொடர் இன்னொரு துண்டாகவும் நிற்க முடியும், பெயர் உருமாறாது. தமிழில் பெயர் வேற்றுமையேற்று உருமாறும். நடராசன், நடராசனை, நடராசனுக்கு, நடராசனின் என ஒவ்வொரு வடிவும் தனிப் பதிவாக வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் இது பெருகும். பெயரை எழுவாயாக மட்டும் வைத்தல், அல்லது பெயரையே தவிர்த்து ‘பந்துவீச்சாளர்’, ‘மட்டையாளர்’ என்னும் பொதுப்பெயர்களால் பேசுதல் என்பனவே எளிய வழிகள். உரிமச் சிக்கலால் இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் வீரர்களின் உண்மைப் பெயர்கள் இடம்பெறாமையும் இதனோடு சேர்கிறது. விளைவாக, ஆட்ட வருணனை எந்த மொழியிலும் பொதுப்பெயரை நோக்கிச் சாய்கிறது. தமிழில் அச்சாய்வுக்கு இலக்கணமும் துணைசெய்கிறது.

இன்னொரு நிலையில் தமிழிலக்கணம் நன்மை செய்கிறது. மூன்றாம் ஆட்டத்தில் மகளிர் கிரிக்கெட்டும் உண்டு. இந்தியில் வினைமுற்று பால் காட்டுவதால், ஆடவர்க்குப் பதிவான தொடர் மகளிர்க்குப் பொருந்தாது. தமிழில் உயர்வுப்பன்மையான ‘வீசினார்’, ‘அடித்தார்’ என்பவை இருபாலுக்கும் பொதுவானவை. மரியாதை விகுதி என நாம் கருதும் ஒன்று, ஒரே பதிவு இரு அணிகளுக்கும் பயன்படும் வாய்ப்பைத் தருகிறது. மொழியின் அமைப்பு தொழில்நுட்பத்துக்கு இடையூறு மட்டுமே தரும் என்னும் பொதுக்கருத்தை இச்சிறு சான்று மறுக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ் காதுக்கு மட்டும் தரப்படுகிறது, கண்ணுக்குத் தரப்படவில்லை. நுழைவுத் திரையும் பட்டியல்களும் வழிகாட்டும் சொற்களும் ஆங்கிலத்தில் அமைய, தமிழ் பின்னணி ஒலியாக நிற்கிறது. நூற்பெயரும் ஆங்கிலமே. உணர்ச்சியை எழுப்புவது தமிழின் வேலை, முடிவெடுக்க உதவுவது ஆங்கிலத்தின் வேலை என்னும் பிரிவினை அங்கே சொல்லாமலே நிறுவப்படுகிறது. இது இவ்வொரு நிறுவனத்துக்கு உரிய குறையன்று. நம் அலுவலகப் படிவம் முதல் பல்கலைக்கழக இணையதளம் வரை பரவியுள்ள வழக்கமே ஆட்டத்திலும் எதிரொலிக்கிறது. தமிழ் வழியில் பயின்ற பாப்பிரெட்டிப்பட்டி மாணவர் ஒருவருக்கு வருணனை புரியும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பது புரிவதற்கு உறுதியில்லை. பாயிரத்தின் பணி இங்கேதான் முறிகிறது.

கேட்போரும் பயனும்

இவ்வாட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரங்களும் உள்விற்பனையுமே அதன் வருவாய் வழிகள். பொருளாதார நோக்கில் இதைக் குறைகூற இயலாது. பெரிய விலை கொடுத்து ஆட்டக் கருவி வாங்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியில் ஒரு முழுமையான கிரிக்கெட் ஆட்டத்தை இது தருகிறது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்வோர் மிகுந்த தருமபுரி போன்ற மாவட்டத்தில், பேருந்துப் பயணத்தின் அலுப்பைக் கழிக்க உதவும் இன்பத்தைச் சிறிதென்று தள்ளவும் கூடாது.

ஆயினும் வடிவம் பற்றிய வினா எஞ்சுகிறது. பழைய டெமோவுக்கு முடிவு இருந்தது. இலவச ஆட்டம் முடியாத டெமோ. தொடக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் வெற்றியும் பரிசும் ஆடுபவரை உள்ளே அழைக்கின்றன. மேலும் பெற விரும்பினால் விளம்பரம் பார்க்கலாம், அல்லது பணம் செலுத்தலாம். பாயிரம் எங்கே முடிந்தது, நூல் எங்கே தொடங்கியது என்பதைக் காட்டும் கோடு இல்லை. ட்ரையல் பந்தின் இலக்கணத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். தெருவில் அப்பந்து எவர் கணக்கிலும் சேர்வதில்லை. இங்கோ முதல் பந்திலிருந்தே கணக்கு தொடங்கிவிடுகிறது: ஆடுபவரின் நேரம் விளம்பரமாகவும், அவருடைய பழக்கம் தரவாகவும் பதிவாகிறது. ஓட்டமும் விக்கெட்டும் சேராத பந்தில்கூட வேறொன்று சேர்ந்துகொண்டே இருக்கிறது.

பொதுவிவாதம் இதைத் தொடுவதில்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025இல் ஒன்றிய அரசு இயற்றிய இணைய ஆட்டச் சட்டமும் முதன்மையாகப் பணம் வைத்தாடும் ஆட்டங்களைக் குறிவைத்தவை. அவ்விவாதத்தின் பின்னணியில் இழப்புகளும் உயிர்களும் இருந்தன. எனவே அதன் தேவையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் பணம் பணயமாக இல்லாத ஆட்டம் கேள்விக்கு உட்படாத ஆட்டம் என்னும் எண்ணம் அதன் உடன்விளைவாக நிலைபெற்றுவிட்டது. சட்டம் பணத்தை அளக்கிறது. நேரத்தை அளப்பதற்குத் திறனாய்வு வேண்டியிருக்கிறது. இளையோர் ஆடுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. எதைக் கொடுத்து ஆடுகிறார்கள் என்பதைப் பாயிரத்திலேயே, அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்பதே கருத்து.

களம் பற்றியும் ஒன்று கூறலாம். மூன்றாம் ஆட்டத்தின் தனிவீரர் பயணம் உள்நாட்டுப் போட்டியிலிருந்து பன்னாட்டுப் போட்டிக்கு ஏறும் படிகளாக அமைந்துள்ளது. அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். படிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவர் பயணத்தில் முதற்படி, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊர்த்திடல். ஆட்டத்தின் பயணம் அவ்வூர்த்திடலுக்குப் பிந்திய படியிலிருந்து தொடங்குகிறது. அடுத்து வரும் ஆட்டத்தில் ஏரித்திடலும் டென்னிஸ் பந்தும் அதற்கே உரிய விதிகளும் பயணத்தின் முதற்படியாக இடம்பெறுமாயின், அது வெறும் அலங்காரமாகாது. ஆட்டத்தின் ‘வழி’யையே திருத்தி எழுதுவதாகும்.

முடிவுரை

சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர் யார் என்பதிலும் நன்னூல் தெளிவாக இருக்கிறது. ஆசிரியர், உடன்பயின்றவர், மாணாக்கர், தகுந்த உரைகாரர் ஆகியோரே உரியவர். நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது. அவ்விலக்கணம் சில விலக்குகளையும் தருகிறது. தன் ஆற்றலை அறியாதாரிடத்துத் தற்புகழ்ச்சி குற்றமாகாது என்பது அவற்றுள் ஒன்று. இன்றைய செயலி அங்காடி முழுவதும் அந்த ஒரு விலக்கின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு ஆட்டமும் தன்னை அறியாதாரிடம் தானே பாயிரம் பாடிக்கொள்கிறது. ஆடியவர்களின் நட்சத்திர மதிப்பெண்கள் அதற்குச் சான்றாக அடுக்கப்படுகின்றன. நான்காமவரான உரைகாரரின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3’ தன் முதல் சில மணி நேரத்தில் உறுதியாகத் தருபவை மூன்று: எளிய கைப்பேசிக்கும் எட்டும் மட்டையாட்ட இன்பம், சென்னையிலிருந்து உலகுக்குச் செல்லும் தொழில்திறன், இலக்கண ஆய்வுக்குத் தகுதியான தமிழ்ப் பேச்சு. தரத் தவறுபவை இரண்டு: கண்ணுக்குத் தெரியும் தமிழ், முன்னோட்டத்துக்குரிய எல்லைக்கோடு. இம்மதிப்பீட்டின் அடிப்படையில் தமிழ்த் துறைகள் எடுத்துச்செல்லத்தக்க பணிகளும் உண்டு. வானொலி, தொலைக்காட்சி, காணொளி ஆட்டம் ஆகிய மூன்று வருணனைகளின் தொடரமைப்பை ஒப்பிடும் ஆய்வு, தெருக்கிரிக்கெட்டின் வாய்மொழி விதிகளை வட்டம்தோறும் தொகுக்கும் களப்பணி, ஆட்டங்களின் நுழைவுத் திரைக்கான தமிழ்க் கலைச்சொற்கள் ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் இரண்டாவது விரைந்து செய்யத்தக்கது. அரூரிலும் காரிமங்கலத்திலும் ட்ரையல் பந்தின் விதியைப் பேசித் தீர்ப்பவர்கள் இன்று திடலிலேயே இருக்கிறார்கள். மறைந்துபோன வழக்கம் என்று அதற்கு ஓர் இயல் எழுதும் நிலை வரும்வரை ஆய்வாளர் காத்திருக்க வேண்டியதில்லை.